பாட்டு இருக்கு, குரல் எங்கே?
(பழைய மிடி பெட்டியை மறுபடி பேச வைப்பது எப்படி?)



அறிவியல் பகுதிக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எரிமலை, ராக்கெட், சூரிய கிரகணம் எல்லாம் ஏற்கெனவே இந்தச் சுவரில் வந்துவிட்டன. அதனால் எங்க பெரியம்மா வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு கறுப்புப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். இதில் இயற்பியல், கணக்கு, கம்ப்யூட்டர், இசை நான்கும் உண்டு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

எங்க பெரியப்பா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவர். 1998 முதல் 2003 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேரல் பாட்டுகளுக்கு அவரே கம்ப்யூட்டரில் பின்னணி இசை அமைத்து ஃப்ளாப்பியில் வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். இந்தத் தடவை கேரலுக்கு அவருடைய பாட்டையே போடலாம் என்று குழுவில் முடிவு செய்தோம். ஃப்ளாப்பியில் இருந்த ஒரு கோப்பை செல்போனில் ஏற்றிக் கேட்டால், பொம்மைக் காரில் வருவது போல ஒரு மெல்லிய சத்தம். அதைவிட மோசம், நடுநடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு பியானோ 'டிங் டிங்' என்று ஒரே சுரத்தை அடித்துக்கொண்டே இருந்தது. "அவருக்கு இப்பிடியா போட்டாரு?" என்று குழுவில் இருந்த பெரியவர்களே முகம் சுளித்தார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருந்தது. அந்த 'டிங் டிங்' எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த கதைதான் இந்தக் கட்டுரை.

1. மிடி என்றால் என்ன?

மிடி கோப்பில் சத்தமே கிடையாது! இதை முதலில் மனசில் வையுங்கள்.

நம்ம ஊர் கல்யாண வீட்டில் சமையலுக்கு லிஸ்ட் எழுதுவோம் அல்லவா? அவியலுக்கு இன்ன காய், இத்தனை தேங்காய் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் லிஸ்ட்டை நக்கிப் பார்த்தால் அவியல் ருசி வராது. சமையல்காரர் வேண்டும். ஒரே லிஸ்ட்டைக் கொடுத்தாலும் சமையல்காரர் மாறினால் ருசி மாறும். மிடி கோப்பு அந்த லிஸ்ட். ஒலிப் பெட்டி, அதாவது சவுண்ட் மாட்யூல், சமையல்காரர்.

லிஸ்ட்டில் இருப்பது இவ்வளவுதான்: எந்தக் கட்டையை அமுக்கு, எவ்வளவு வேகமாக அமுக்கு, எப்போது விடு, எந்த வாத்தியம். உதாரணமாக 144, 60, 100 என்ற மூன்று எண்கள் போனால் 'முதல் சேனலில் நடு ஸி கட்டையை 100 அளவு வேகத்தில் அடி' என்று பொருள். வெறும் எண்கள் என்பதால் ஒரு பாட்டு பெரும்பாலும் 30, 40 கிலோபைட்டில் முடிந்துவிடும். 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் முப்பது பாட்டு வைக்கலாம். நாலு நிமிட எம்பி3 ஒன்றுகூட அதில் கொள்ளாது.

2. எப்போது வந்தது?

1980-களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனி கீபோர்டும் இன்னொரு கம்பெனி கீபோர்டும் பேசிக்கொள்ளாது. ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுடாரோ ககேஹாஷி, அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் இருவரும் முன்னின்று, எல்லாருக்கும் பொதுவான மொழியாக மிடியைக் கொண்டுவந்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு கம்பெனிக் கீபோர்டுகளை ஒரே கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலித்தது. இதற்காக இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

தமிழ் சினிமாவுக்கும் இது சீக்கிரமே வந்துவிட்டது. 1986-இல் வெளியான புன்னகை மன்னன் படத்தின் இசையில் இளையராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். 1992-இல் ரோஜா வந்த பிறகு கீபோர்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்த இசை எல்லா ஊருக்கும் பரவியது. எங்க பெரியப்பா போன்றவர்கள் கோயில் குழுவுக்குள் அதைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான்.

1991-இல் 'ஜெனரல் மிடி' என்ற ஒப்பந்தம் வந்தது. 128 வாத்தியங்களுக்கு நிரந்தர எண் கொடுத்தார்கள். 1 பியானோ, 20 சர்ச் ஆர்கன், 41 வயலின், 74 புல்லாங்குழல், 105 சிதார், 112 ஷெனாய். பத்தாவது சேனல் முழுக்கத் தாள வாத்தியத்துக்கு. அதில் 36 பெரிய டிரம், 38 ஸ்நேர், 54 தம்புரின். (அந்த 128-இல் நாதஸ்வரமும் இல்லை, வீணையும் இல்லை. தாளப் பட்டியலில் தவில், தபேலா இல்லை. நம்மாளுகள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார்கள்!)

54 தம்புரின். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

3. பெட்டியை எழுப்பிய கதை

பெரியப்பாவின் பெட்டி ரோலண்ட் சவுண்ட் கேன்வாஸ் வரிசையைச் சேர்ந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் வாங்கி வந்தது. இந்த வரிசையின் முதல் பெட்டி 1991-இல் வந்தது. 'ஆக்கர் கடைக்குப் போட்டிரலாமாண்ணு நெனச்சேன், எடுத்துட்டுப் போ மக்ளே' என்று சொல்லித்தான் பெரியம்மா தந்தார்கள். நல்ல வேளை! எங்க ஊர் மைக் செட் அண்ணன் துணைக்கு வந்தார். நாங்கள் செய்ததைப் படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: மின்சாரம். அடாப்டர் தொலைந்துபோயிருந்தது. நான் வீட்டில் கிடந்த ஒன்றைக் குத்தப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்.

"லேய் பிள்ளே, வோல்ட் மட்டும் பாத்தாப் போதாது. நடுவுல பிளஸா மைனஸாண்ணு பாக்கணும்லா?"

பெட்டியின் பின்னால் 9 வோல்ட் டி.சி. என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னப் படமும் இருந்தது. நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இப்போது கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டரில் இது நேர் எதிர்! மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, சரியானதை வாங்கிய பிறகுதான் சொருகினோம். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். ஆகவே அங்கிருந்து வந்த அடாப்டரையோ, நேரடி மெயின்ஸ் பெட்டியையோ அப்படியே நம்ம பிளக்கில் சொருகக் கூடாது. பெரியவர்கள் துணை இல்லாமல் இந்தப் படியைச் செய்யாதீர்கள்.

படி 2: கம்பி. பின்னால் ஐந்து முள் கொண்ட வட்டத் துளைகள் இருக்கும்: இன், அவுட், த்ரூ. கம்ப்யூட்டரின் அவுட், பெட்டியின் இன்னுக்குப் போக வேண்டும். நான் 'இன்னுக்கு இன்' என்று மாட்டி அரை மணி நேரம் முழித்தேன். வாய் பேசுவதை இன்னொருத்தர் காது கேட்க வேண்டும். காதோடு காதை ஒட்டி வைத்தால் என்ன கேட்கும்?

இன் துளைக்குள் ஒரு அழகான இயற்பியல் இருக்கிறது. வருகிற மின்னோட்டம் உள்ளே ஒரு குட்டி எல்.ஈ.டி.யை மின்ன வைக்கும். அந்த வெளிச்சத்தை எதிரே இருக்கும் ஒளியுணரி பார்த்து எண்ணாக மாற்றும். இதற்கு ஆப்டோ கப்ளர் என்று பெயர். இரண்டு கருவிகளுக்கு நடுவே நேரடி மின் இணைப்பு இல்லை, வெளிச்சம்தான் பாலம். அதனால் ஒரு கருவியின் கோளாறும் 'ம்ம்ம்' இரைச்சலும் மற்றதுக்குத் தாவாது.

படி 3: காதுக்கு முன் கண். பெட்டியின் முகப்பில் சின்னத் திரை உண்டு. 16 சேனலுக்கும் கட்டை கட்டையாகக் கோடுகள் எழும்பி இறங்கும். பாட்டை ஓட்டும்போது கோடு எழும்பவில்லை என்றால் மிடி வந்து சேரவில்லை. கோடு ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆடியோ வயரில் குறை. இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சம் பிடிக்கும். முதலில் ஹெட்போனில் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

படி 4: மென்பொருள். முதலில் அண்ணனின் புது லேப்டாப்பில், கடையில் கிடைத்த மலிவான யு.எஸ்.பி. மிடி வயர் வழியாக இணைத்தோம். கோடு எழும்பவில்லை. காரணம், லேப்டாப் தன் உள்ளேயே இருக்கும் சின்ன ஒலித்தொகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் 98-லும் எக்ஸ்.பி.யிலும் கன்ட்ரோல் பேனலிலேயே மிடி எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடலாம். 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே இசை மென்பொருளின் உள்ளே போய், அவுட்புட் என்ற இடத்தில் யு.எஸ்.பி. மிடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்ததும் கோடுகள் துள்ளின!

ஆர்கன் வந்தது. வயலின் வந்தது. எவ்வளவு நிறைவான சத்தம்! பெரியம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்கள். ஆனால்... 'டிங் டிங்' மட்டும் போகவில்லை. இங்கேயும் அதே பியானோ.

4. 'டிங் டிங்' ரகசியம்

திரையைப் பார்த்தேன். டிங் அடிக்கும்போது 11-ஆவது சேனல் கோடுதான் எழும்பியது. மென்பொருளில் அந்தச் சேனலின் பட்டியலைத் திறந்து பார்த்தால், சுரம் 54, 54, 54, 54... வேறு எண்ணே இல்லை. 54 என்றால் தம்புரின் அல்லவா! பெரியப்பா தம்புரினைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தாளம் பத்தாவது சேனலில்தானே வரும்? பதினொன்றில் ஏன் எழுதினார்?

பாட்டின் முதல் அளவில் விடை இருந்தது. அங்கே சுரமே இல்லாமல் ஒரு நீண்ட எண் வரிசை:

240 65 16 66 18 64 26 21 2 15 247

இது பெட்டிக்கு மட்டும் புரியும் தனிக்கடிதம். 'சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ்' என்று பெயர். பிரித்துப் படித்தால்:

240 – கடிதம் ஆரம்பம்
65 – ரோலண்ட் பெட்டிக்கு
16 – பெட்டியின் அடையாள எண் (திரையில் 17 என்று காட்டும், எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால்)
66 – சவுண்ட் கேன்வாஸ் வகை
18 – 'இதை எழுதி வை'
64 26 21 – எழுத வேண்டிய முகவரி: 11-ஆவது சேனல் என்ன வேலை செய்ய வேண்டும் என்ற இடம்
2 – 'இரண்டாவது தாளத் தொகுதியாக மாறு'
15 – சரிபார்ப்பு எண்
247 – கடிதம் முடிவு

அதாவது பெரியப்பா 11-ஆவது சேனலையும் தாளச் சேனலாக மாற்றி, தம்புரினுக்குத் தனியாகச் சத்தம் கூட்டிக் குறைக்க வசதி செய்திருக்கிறார். இந்தக் கடிதம் போய்ச் சேராவிட்டால் பெட்டிக்கு அந்தச் சேனல் சாதாரண வாத்தியம். வாத்திய எண் எதுவும் சொல்லாததால் முதல் எண்ணான பியானோ. பியானோவில் 54 அடித்தால் 'டிங்'. செல்போனுக்கு இந்தக் கடிதம் புரியவில்லை, அது சரி. பெட்டிக்குப் புரிய வேண்டுமே?

சரிபார்ப்பு எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகவரியையும் மதிப்பையும் கூட்ட வேண்டும்: 64 + 26 + 21 + 2 = 113. அதை 128-இல் கழித்தால் 15. (கூட்டுத்தொகை 128-ஐத் தாண்டினால் 128-ஆல் வகுத்து வரும் மீதியைக் கழிக்க வேண்டும்.) கோப்பிலும் 15. பெரியப்பா தப்புச் செய்யவில்லை! வழியில் ஒரு எண் விழுந்தாலும் கணக்கு ஒத்துவராது, பெட்டி கடிதத்தை ஏற்காது. அப்படியானால் வழியில்தான் கோளாறு.

"ஒரே நேரத்துல ரெண்டு சாமானத்த மாத்தாத மக்ளே. எதால சரியாச்சுண்ணு பெறவு தெரியாதுல்லா" என்றார் மைக் செட் அண்ணன். ஆய்வகத்தில் நமக்குச் சொல்லித் தருவதும் இதுதானே, ஒரு மாறியை மட்டும் மாற்று! பெட்டி அதே, பாட்டு அதே, வழியை மட்டும் மாற்றினோம்.

பெரியப்பாவின் பழைய கம்ப்யூட்டரை எடுத்தோம். விண்டோஸ் 98, அதில் கேக்வாக் மென்பொருள். தாய்ப்பலகையில் இருந்த காசு வடிவ பேட்டரி செத்துப்போய் தேதி தப்பாகக் காட்டியது, அதை மட்டும் மாற்றினோம். பின்னால் சவுண்ட் கார்டில் 15 துளை கொண்ட ஜாய்ஸ்டிக் துளை இருக்கிறது. அந்தக் காலத்தில் மிடியும் அதே வழியாகத்தான் வெளியே வரும். (மானிட்டர் துளைக்கும் 15 தான், ஆனால் அது மூன்று வரிசை. இது இரண்டு வரிசை. மாற்றிக் குத்த வேண்டாம்.) பெரியப்பாவின் பழைய வயர் அலமாரியிலேயே இருந்தது.

பாட்டை ஓட்டினோம். சில்... சில்... சில்... தம்புரின்! 'டிங்' போயே போய்விட்டது.

ஆக, மலிவான யு.எஸ்.பி. வயர்தான் குற்றவாளி. மூன்று எண் கொண்ட சின்னச் செய்திகளைச் சரியாகக் கொண்டுபோன அது, பதினொரு எண் கொண்ட கடிதத்தை ஒழுங்காகக் கொண்டுபோகவில்லை. பிறகு வேறு ஒரு வயர் வாங்கி லேப்டாப்பில் போட்டபோது அதிலும் தம்புரின் வந்தது.

5. ஒரு சின்னக் கணக்கு

மிடி கம்பியில் நொடிக்கு 31,250 பிட் ஓடும். ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பிட், முன்னும் பின்னும் ஒவ்வொன்று, ஆக 10 பிட். அப்படியானால் நொடிக்கு 3,125 எண்கள். ஒரு சுரத்துக்கு 3 எண். 3 ÷ 3,125 = 0.00096 நொடி, ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. பத்து விரலாலும் ஒரே சமயத்தில் அமுக்கினாலும் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், பத்தும் போய்ச் சேர 10 மில்லி நொடி. நம் காது அதைக் கவனிப்பது கஷ்டம். ஆனால் பெட்டியைத் துடைத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் கடிதத்தை ஏற்றுச் செயல்பட, பெட்டிக்குச் சுமார் 50 மில்லி நொடி வேண்டும். அதற்குள் சுரத்தைத் திணித்தால் குழம்பிவிடும். அதனால்தான் பெரியப்பா எல்லாப் பாட்டிலும் முதல் அளவைச் சும்மா விட்டிருக்கிறார். நான் முதலில் அது வீண் என்று வெட்டிவிடப் பார்த்தேன்!

6. கிடைத்ததும் கிடைக்காததும்

எல்லாம் கிடைத்துவிடவில்லை. நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஈரத்தில் ஃப்ளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருந்தது. ஏழில் ஆறு திறந்தது. 2001 என்று எழுதிய ஒன்று மட்டும் 'கரகர' என்று சத்தம் போட்டதே தவிர, திறக்கவில்லை. அந்த வருஷப் பாட்டின் மெட்டு குழுவில் பாடினவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் போட்ட வயலினும் ஆர்கனும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதிலிருந்து நான் படித்தது: லிஸ்ட்டை மட்டும் வைத்தாலும் போதாது, சமையல்காரரை மட்டும் வைத்தாலும் போதாது. உங்கள் வீட்டிலோ, கோயிலிலோ, கானமேளா நடத்தின மாமாக்களிடமோ இப்படிப் பெட்டி, ஃப்ளாப்பி இருந்தால் உடனே இதைச் செய்யுங்கள்:

அ) ஃப்ளாப்பியில் உள்ளதை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். பூஞ்சை இருந்தால் டிரைவில் போடும் முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அது டிரைவையும் கெடுத்து, அடுத்த ஃப்ளாப்பியையும் கெடுக்கும்.
ஆ) பெட்டி வாசிப்பதை லேப்டாப்பில் ஒலியாகப் பதிவு செய்யுங்கள். பெட்டி செத்தாலும் குரல் இருக்கும்.
இ) பதிவு செய்துவிட்டோமே என்று மிடி கோப்பை அழிக்காதீர்கள். சுருதி மாற்ற, வேகம் குறைக்க அதுதான் வேண்டும்.
ஈ) பெட்டியின் பெயர், அடாப்டர் விவரம், எந்தச் சேனலில் எந்த வாத்தியம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு ஒட்டி வையுங்கள்.
உ) ஆக்கர் கடைக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை யாரையாவது கேளுங்கள்.

நாங்கள் ஆறு ஃப்ளாப்பியில் இருந்த பாட்டுகளையும் பதிவு செய்துவிட்டோம். பதிவு ஓடும்போது பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும், "தம்புரின் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் வைப்பாரு" என்று மட்டும் சொன்னார்கள். சேனல் 11 எதற்கு என்று எனக்கு அப்போது இன்னும் நன்றாகப் புரிந்தது.

உங்களுக்குத் தெரியுமா?
* மிடி பிளக்கில் முள் ஐந்து, ஆனால் வழக்கமாக வேலை செய்வது மூன்றுதான்.
* மிடி கம்பியின் நீளம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது.
* 1983-இல் வந்த மிடிக்கு அடுத்த பெரிய பதிப்பான மிடி 2.0 வெளியானது 2020-இல்தான். பழைய பெட்டிகளும் இன்றுவரை வேலை செய்கின்றன.

செய்து பார்!
1. பெட்டியை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் கடிதம்: 240 65 16 66 18 64 0 127 0 (?) 247. விடுபட்ட சரிபார்ப்பு எண் என்ன?
2. நொடிக்கு 3,125 எண்கள் என்றால் மேலே உள்ள 11 எண் கடிதம் கம்பியில் போக எவ்வளவு நேரம் ஆகும்?

(விடை: 1. 64+0+127+0 = 191; 128-ஆல் வகுக்க மீதி 63; 128 – 63 = 65. 2. 11 ÷ 3,125 = 0.00352 நொடி, அதாவது சுமார் மூன்றரை மில்லி நொடி.)

பிழை இருந்தால் ஆசிரியர்கள் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– பதினோராம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு